முதலில் ஒரு நாற்காலி

அவருக்கு நாற்காலி அக்கா என்று பெயர் வைத்தது நான்தான். நல்ல எண்ணத்தில் வைத்ததல்ல. எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்தபோது வாசலில் செருப்பைக் கழற்றியதும், வணக்கம்கூடச் சொல்லாமல், "ஒரு நாற்காலி குடும்மா" என்றார். யார், எங்கிருந்து, என்ன காரியம், ஒன்றும் கிடையாது. நாற்காலியைப் போட்டதும் உட்கார்ந்து, காலை நீட்டி, துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பெருமூச்சும் விட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார். மகாராணி வந்திருக்கிறாள், சாமரம் வீசத்தான் ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு விசாரித்தால் எல்லா வீட்டிலும் இதே கதைதான். ஒரு வீட்டில் நாற்காலி இல்லாததால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். மையத்தில் பெண்கள் கூடும் அறையில் நான் அவரைப் போல நடித்துக் காட்டுவேன். பையைப் பிடிப்பது, முட்டியைத் தேய்ப்பது, "ஒரு நாற்காலி குடும்மா" என்று மூக்கால் இழுப்பது. எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். ஒரு நாள் நான் நடித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் வந்து நின்றுவிட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவரோ, "கை இன்னும் கொஞ்சம் இறங்கணும், பை கனமில்ல?" என்று திருத்திவிட்டுப் போனார்.

மையம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பஞ்சர்க் கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு கழிப்பறை, மாடிப்படியில் ஒரு பலகை. படையிலிருந்து திரும்பியவர்களுக்கும் அவர்களுடைய வீட்டாருக்கும் ஆலோசனையும் ஆதரவும் தரப்படும் என்று பலகையில் எழுதியிருக்கும். வியாழக்கிழமை மத்தியானம் கூட்டம், நடத்துகிறவர் அக்கா. முன்னறை அவர்களுக்கு, பின்னறை எங்களுக்கு. முன்னறையில் நாற்காலிகள் எல்லாம் சுவரோடு ஒட்டிக் கிடக்கும். வட்டமாகப் போட்டால் யாராவது ஒருவர் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும், அதற்கு அவர்களில் ஒருத்தரும் தயாரில்லை. ஆகவே நடு அறை எப்போதும் காலி. அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள், பாதி நேரம் பேசாமலும் இருப்பார்கள். மேலிடத்திலிருந்து பார்வையிட வந்த ஒரு அதிகாரி, இதென்ன பஸ் நிலையம் மாதிரி இருக்கிறதே என்று கேட்டாராம். ஆமாம், பஸ்ஸுக்குத்தான் காத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அக்கா டீ ஊற்றப் போய்விட்டார்.

கீழே பஞ்சர்க் கடையில் டயரிலிருந்து காற்றைத் திறந்துவிடும் சத்தம் இருக்கிறதே, அது கேட்ட மாத்திரத்தில் மாடியில் பாதிப் பேர் எழுந்து நின்றுவிடுவார்கள். ஒருவர் மேசைக்கு அடியிலேயே போய்விட்டார். அக்கா படியிறங்கிப் போய், கடைக்காரரிடமும் ஒரு நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்து, பேசிவிட்டு வந்தார். அன்று முதல் அந்த மனிதர் காற்றைத் திறப்பதற்கு முன் மாடியை அண்ணாந்து பார்த்து, "காத்து" என்று ஒரு குரல் கொடுப்பார். மாடியில் இருப்பவர்கள் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பழக்கம் அவரைத் தொற்றிக்கொண்டு, மையம் பூட்டிக் கிடக்கிற நாட்களிலும் கத்திக்கொண்டிருந்தார். வண்டி கொண்டு வந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

அக்காவைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. முன்பு ராணுவ அலுவலகம் ஒன்றில் தட்டச்சு வேலை பார்த்தவர். கணவர் படையிலிருந்து திரும்பி, சில வருடங்கள் வீட்டில் பேசாமல் இருந்து, சாதாரணக் காய்ச்சலில் இறந்துபோனார். "வந்தது எனக்குத் தெரியல, போனதுதான் தெரிஞ்சது" என்று ஒரே ஒரு முறை சொன்னார், அதையும் டம்ளர் கழுவிக்கொண்டே. எப்போதும் அதே பழுப்புச் செருப்பு, பஸ்ஸில்தான் வருவார், தெருமுனையில் இறங்கித் தனியாக நடந்து வருவார். பஸ்ஸில் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்து வருவதையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். களைத்துப்போன மனுஷி. மற்றவர்களுடைய களைப்பை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தால் வேறெப்படி இருக்கும்?

அவரிடம் எனக்குப் பிடிக்காத விஷயம், புத்தி சொல்லவே மாட்டார். நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டி முடித்தால், "சரி, அப்புறம்?" என்பார். அப்புறம் என்ன அப்புறம்? அப்புறம் இருந்தால் நான் ஏன் பஞ்சர்க் கடை மாடிக்கு வருகிறேன்?

எங்கள் வீட்டுக்காரர் படையில் சரக்கு லாரி ஓட்டியவர். வரிசையாகப் போன லாரிகளில் இவருடைய லாரிக்கு முன்னால் போனது வெடித்தது, பின்னால் வந்ததும் வெடித்தது. இவர் உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் வீடு வந்து சேர்ந்தார். கொடுத்து வைத்தவள் என்று என்னை எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், முதல் தடவை என் கையிலிருந்து கரண்டி நழுவி விழும்வரை.

அதிலிருந்து எங்கள் வீட்டில் எந்தச் சத்தத்துக்கும் முன்னறிவிப்பு உண்டு. "தட்டை வைக்கப் போறேன்." "மிக்ஸி போடப் போறேன்." "நான்தான், கதவைச் சாத்தறேன்." தும்மல் வந்தால்கூட இரண்டு நொடி அடக்கிக்கொண்டு சொல்லிவிட்டுத் தும்ம வேண்டும். வருடக்கணக்காக இப்படியே ஓடியது. வானொலி நிலையத்தில் வேலை பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு அறிவிப்புச் செய்திருக்க மாட்டார்கள். நான் சத்தம் போட்டுச் சிரிப்பதை நிறுத்தி எவ்வளவு காலம் ஆகிறது என்று எனக்கே நினைவில்லை.

அக்கா வந்த பிறகு கொஞ்சம் தேறினார். மையத்தில் கதவை ஒட்டிய நாற்காலியில் உட்கார ஆரம்பித்தார். ஒரு கிடங்கில் காவலாளி வேலைக்குப் போனார். சில நாட்கள் என்னோடு கடைக்குக்கூட வந்தார். அந்தச் சமயத்தில்தான் எங்கள் பிள்ளை, ஒரே பிள்ளை, படையில் சேரப் போகிறேன் என்று வந்து நின்றான். நான் அழுதேன், திட்டினேன், சாப்பிடாமல் கிடந்தேன். இவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போ என்றும் இல்லை, போகாதே என்றும் இல்லை. கல்லுளிமங்கன் போல உட்கார்ந்திருந்துவிட்டு, அவன் கிளம்பிய அன்று வாசல்வரை வந்து அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு உள்ளே போனார்.

போனவர் போனவர்தான். வேலைக்குப் போகவில்லை, மையத்துக்குப் போகவில்லை. தெருவைப் பார்த்த பக்கத்து அறையை விட்டுவிட்டுப் பின்னறையில் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும் ஃபேன் போடக் கூடாது. நான் போட்டால் எழுந்து வந்து நிறுத்துவார். இரவும் அப்படியே. வியர்வையில் ஊறிக்கொண்டு நான் புரண்டு புரண்டு படுப்பேன், இவர் உட்கார்ந்தே இருப்பார். கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது, தொங்கிக்கொண்டிருக்கும். போட்டுக்கொள்ளவும் மாட்டார், துவைக்க எடுத்தால் விடவும் மாட்டார். ஏன் என்று கேட்டால், "இருக்கட்டும்" என்பார். நான் ஒரு சுவரோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன். சுவராவது நான் ஃபேன் போட்டால் நிறுத்தாது.

ஒரு வியாழக்கிழமை மையத்தின் பின்னறையில் எல்லோர் முன்பும் சொல்லிவிட்டேன், வருகிற திங்கட்கிழமை என் தங்கை வீட்டுக்குப் போகப் போகிறேன், திரும்பி வருவதாக இல்லை என்று. பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அக்கா மட்டும் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"அங்க போய் என்ன பண்ணுவே?" என்று கேட்டார்.

"தூங்குவேன்."

"நல்லது" என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. போகாதே என்று அவர் சொல்லுவார், நான் நாலு வார்த்தை சூடாகக் கொடுக்கலாம் என்றல்லவா இருந்தேன். போகும்போது படிக்கட்டில் நின்று, நீ கிளம்புவதற்கு முன்னால் ஒரு தடவை உன் வீட்டுக்காரரை வந்து பார்க்கட்டுமா என்று அக்கா கேட்டார். வந்து என்ன ஆகப் போகிறது, வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலையிலிருந்தே நல்ல மழை. பையைக் கட்டி வாசல் கதவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். இவரிடம் இன்னும் சொல்லவில்லை. சமைத்து மூடி வைத்துவிட்டு, மழை கொஞ்சம் விட்டதும் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவது என்று சமையலறை ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் தெருவில் ஒரு வெள்ளை வண்டி வந்து எங்கள் கேட்டுக்கு முன்னால் நின்றது. கதவில் அரசாங்க முத்திரை.

எங்களைப் போன்ற வீடுகளில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். கணக்கெடுக்க வந்தாலும் விசாரிக்க வந்தாலும் ஒருவர்தான் வருவார். அரசாங்க வண்டியில், ஒரு ஆணும் ஒரு பெண்ணுமாகச் சேர்ந்து வருவது ஒரே ஒரு சேதிக்குத்தான். ஆண் சொல்வதற்கு. பெண் நம்மைப் பிடித்துக்கொள்வதற்கு.

வண்டியிலிருந்து பெரிய கறுப்புக் குடை ஒன்று விரிந்தது. முகங்கள் தெரியவில்லை. குடைக்குக் கீழே மடிப்புக் கலையாத காற்சட்டையும் மெருகு போட்ட கறுப்பு ஷூவும் ஒரு ஜோடி. பக்கத்தில் ரப்பர் பூட்ஸ் போட்ட பெண்ணின் கால்கள் ஒரு ஜோடி. கேட்டைத் திறந்தார்கள். அவசரமில்லாமல் நடந்து வந்தார்கள்.

மணி அடித்தது. நான் போகவில்லை. என் கால் போகவில்லை என்பதுதான் உண்மை. திறந்தால்தானே சேதி? திறக்காதவரை என் பிள்ளை எங்கேயோ ஷூவுக்கு மெருகு போட்டுக்கொண்டிருக்கிறான், சாப்பாட்டு வரிசையில் நிற்கிறான், யாரையோ கேலி செய்துகொண்டிருக்கிறான். அவர்கள் மழையிலேயே நிற்கட்டும். நாள் முழுக்க நிற்கட்டும். மேடைக்கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது முறை மணி அடித்தது.

பின்னறைக் கதவு திறந்தது. இவர் வந்தார். அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார், கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார், தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர் முழு உயரத்துக்கு நிமிர்ந்து நின்று பார்க்கிறேன். என் தோளைப் பிடித்து என்னைச் சமையலறை முக்காலியில் உட்கார வைத்தார்.

"கதவைத் திறக்கப் போறேன்" என்றார். "தாழ்ப்பாள் சத்தம் வரும். நீ உட்காரு. நான் கேட்டுக்கறேன்."

அது என்னுடைய வாக்கியம். வருடக்கணக்காக நான் இவருக்குச் சொல்லி வந்தது. அதை இவர் எனக்குச் சொல்லக் கேட்பேன் என்று நினைத்ததில்லை, அதுவும் அப்படி ஒரு நேரத்தில். தாழ்ப்பாள் விழுந்தது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து வாசல் தெரிந்தது. இவர் கைகளை உடம்போடு ஒட்டி வைத்து நின்றுகொண்டு, "சொல்லுங்க" என்றார்.

குடை உயர்ந்தது. அக்கா.

எனக்கு உடனே ஒன்றும் புரியவில்லை. இந்த வேலைக்கு அக்காவையா அனுப்பினார்கள் என்றுதான் தோன்றியது. அவர் இவருடைய முகத்தைப் பார்த்தார், பிறகு சட்டையைப் பார்த்தார், கழுத்துப் பொத்தானைப் பார்த்தார். அவர் முகம் வெளிறிப் போனதை அவ்வளவு தூரத்திலிருந்தும் கண்டேன். பொத்தென்று உட்கார்ந்தார். வாசற்படியில், ஓடுகிற மழைத் தண்ணீரில், அந்தக் கெட்டுப்போன முட்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் குடையைப் பிடித்திருந்த இளைஞரின் கையைப் பிடித்து இழுத்தார்.

"உட்காருப்பா. நீயும் உட்காரு."

அந்த மனிதர் ஒன்றும் விளங்காமல் இஸ்திரி போட்ட காற்சட்டையோடு தண்ணீரில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகுதான் அக்கா பேசினார்.

"பையன் நல்லா இருக்கான் தம்பி. ஒண்ணும் இல்ல. உங்களைப் பாக்கத்தான் வந்தேன். நான்தான், அவங்க இல்ல."

அவர் சொல்வதற்கு முன்பே, அவர் உட்கார்ந்த அந்தக் கணத்திலேயே, இவருடைய தோள்கள் இறங்கிவிட்டன. இவருக்குப் புரிந்துவிட்டது. நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். எனக்குத்தான் போன உயிர் திரும்பி வர நேரம் எடுத்தது. வந்ததும் எழுந்து போய் நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அக்கா ஒரு வார்த்தை மறுக்காமல் தண்ணீரில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். திட்டி முடித்துப் பார்த்தால் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. முட்டி பிடித்துக்கொண்டுவிட்டது. இளைஞர் ஒரு பக்கம் இழுத்தார், நான் ஒரு பக்கம் இழுத்தேன், ஆள் அசையவில்லை. கடைசியில் எங்கள் வீட்டுக்காரர்தான் அக்குளில் கை கொடுத்து, லாரியில் மூட்டை ஏற்றுகிறவரைப் போல ஒரே மூச்சில் தூக்கி உள்ளே கொண்டுவந்தார். பிறகு அவரே போய் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டார்.

நடந்தது இதுதான். அடுத்த மாதத்தோடு அக்காவுக்கு வேலை முடிகிறது. அவருடைய இடத்துக்குப் புதிதாக வந்தவர் இந்தத் தம்பி, இவரும் படையில் இருந்துவிட்டு வந்தவர்தான், அந்தப் பழக்கத்தில் ஷூவுக்கு மெருகு போட்டிருந்தார். வீடுகளை அடையாளம் காட்டுவதற்காக அக்கா அவரை அழைத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். மழை, முட்டி வலி, பஸ்ஸில் ஏற முடியவில்லை, அலுவலகத்தில் வண்டி தருகிறோம் என்றார்கள், சரி என்றுவிட்டார். படையில் ஆள் இருக்கிற வீட்டுக்கு இரண்டு பேராகப் போகவே கூடாது, தெருமுனையில் இறங்கித் தனியாகத்தான் நடக்க வேண்டும் என்பது அவரே வைத்த விதி. எங்கள் வீட்டை அக்கா என் வீட்டுக்காரருடைய வீடாகவே நினைத்துப் பழகிவிட்டார். திரும்பி வந்தவரின் வீடு. போனவன் ஒருவன் இருக்கிறான் என்பது அன்றைக்கு அவர் களைப்பில் நழுவிவிட்டது.

துண்டைக் கொடுத்தேன். தலையைத் துடைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு பேசினார். அலுவலகத்தில் தட்டச்சு வேலை என்று சொன்னது பாதிதான். சேதி சொல்லப் போகிற அதிகாரியோடு அங்கே வேலை பார்க்கிற ஒரு பெண்ணையும் அனுப்புவார்கள். அக்காதான் போவார். தட்டச்சை நிறுத்திவிட்டு எழுந்து, முகம் கழுவிக்கொண்டு, வண்டியில் ஏறுவார். எத்தனை வீடு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"நின்னுக்கிட்டுதான் சொல்லணும்னு உத்தரவு" என்றார். "உட்காந்தா அவங்களுக்கு நம்பிக்கை வந்துடும், வேற ஏதோ விஷயம்னு. தண்ணி குடுத்தாக்கூட வாங்கக் கூடாது. அந்த வேலையை விட்டப்ப ஒண்ணு முடிவு பண்ணேன். இனிமே எந்த வீட்டுக்குப் போனாலும் முதல்ல உட்காந்துடணும். நான் உட்காந்துட்டேன்னா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். இன்னைக்கு மறுபடியும் அந்த வாசல்ல கொண்டுபோய் என்னை நிறுத்திட்டேன்."

சொல்லிவிட்டு அழுதார். வியாழக்கிழமைகளில் எங்கள் எல்லோருடைய அழுகையையும் பார்த்து, "சரி, அப்புறம்?" என்று கேட்டவர் அழுவதை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. நான் மூக்கால் இழுத்து நடித்துக் காட்டியதெல்லாம் நினைவுக்கு வந்தது.

இவர் எதிரில் தரையில் உட்கார்ந்திருந்தார். யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

"எனக்கு அவங்க எப்படி வருவாங்கன்னு தெரியும்கா. அவன் போன நாள்லேர்ந்து கேட் சத்தத்தைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன். தெருப்பக்கத்து அறையில வண்டிச் சத்தத்துல அது தனியாத் தெரியாது, ஃபேன் ஓடினாலும் கேட்காது. வேலைக்குப் போன நேரம் பார்த்து வந்துட்டா இவ போய்த் திறந்துடுவா. அவங்க சொல்றதை இவ தனியா நின்னு கேக்கக் கூடாது. நான்தான் திறக்கணும். சட்டையைக்கூட எடுத்து வெச்சிருந்தேன்."

இந்த நாலு வரியை என்னிடம் சொல்லியிருந்தால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா? மாதக்கணக்கில் நான் புழுக்கத்தில் வெந்துகொண்டு, இந்த மனிதருக்கு நான் ஒரு பொருட்டே இல்லை என்று அழுதுகொண்டு கிடந்தேன். அதே கட்டில் ஓரத்தில் இவர் எனக்காகக் காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். பிடித்து உலுக்க வேண்டும் என்று இருந்தது. கட்டிக்கொண்டு அழவும் வேண்டும் என்று இருந்தது. இரண்டையும் செய்யத் தெம்பில்லாமல் போய் டீ போட்டேன். டம்ளரை வைக்கும்போது அறிவிக்க மறந்துவிட்டேன், ணங்கென்று ஒரு சத்தம், இவர் லேசாக அதிர்ந்தார், அவ்வளவுதான்.

வாசலில் இருந்த பையை இவர் பார்த்திருந்தார். திரும்பி என்னைப் பார்க்காமலே, தங்கச்சி வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கிவிட்டு வா, இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். போ என்று சொன்னதும் எனக்குப் போகத் தோன்றவில்லை. பெண் புத்தி என்று யாரும் சொல்ல வேண்டாம், களைத்துப்போனவர்களுடைய புத்தி அப்படித்தான் வேலை செய்யும்.

"நீங்க எப்ப தூங்குவீங்க தம்பி?" என்று அக்கா கேட்டார்.

இவர் திரும்பி வாசல் கேட்டைப் பார்த்தார். மையத்துக்கு ஏன் வருவதில்லை என்று கேட்டதற்கு மட்டும், வீட்டில் யாராவது இருக்க வேண்டுமே என்றார். அக்கா டீயை முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். முட்டியைத் தேய்த்துக்கொண்டார்.

"வியாழக்கிழமை கூட்டத்தை இனிமே இந்தத் தம்பி நடத்தட்டும். நீங்க ரெண்டு பேரும் அங்க போங்க. நான் இங்க வந்து உட்காந்துக்கறேன். யாராவது வந்தா நான் திறக்கறேன். அந்த வேலை எனக்குத் தெரியும்."

இதெல்லாம் ஒரு வேலைத் திட்டமா என்று கேட்டால், இல்லைதான். எந்த மேலதிகாரி காதிலாவது விழுந்தால் சிரிப்பார். ஓய்வு பெறப் போகிற ஆலோசகர் வாடிக்கையாகப் போய் ஒரு வீட்டு வாசலைக் காவல் காக்கிறார். ஆனால் இவர் அதைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தார். வந்தால் என்ன சொல்வீர்கள், எப்படிச் சொல்வீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டார். அக்கா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். காவல் மாற்றிக்கொள்ளும்போது கேட்பது போலவே கேட்டு முடித்துவிட்டு, சரி என்றார்.

அந்த வியாழக்கிழமை அக்கா பஸ்ஸில் வந்து, தெருமுனையில் இறங்கி, பழுப்புச் செருப்போடு தனியாக நடந்து வந்தார். வாசலுக்கு எதிரில் நாற்காலியை நான்தான் போட்டேன். அவர் கேட்கவில்லை. நாங்கள் கிளம்பினோம். கேட்டைத் தாண்டும்போது இவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார், அக்கா கையைத் தூக்கிப் போ என்று காட்டினார். பஞ்சர்க் கடை மாடியில் புதுத் தம்பி எல்லோருக்கும் முன்னால் தயங்கி நின்றுகொண்டிருந்தார், பாவம். முதலில் நீ உட்கார் என்று யாரோ சொன்னார்கள். இவர் கதவை ஒட்டிய பழைய நாற்காலியில் உட்கார்ந்து, அரை மணி நேரம் மற்றவர்கள் பேசியதைக் கேட்டுவிட்டு, பிறகு பிள்ளையைப் பற்றிப் பேசினார். பின்னறையிலிருந்து எனக்குக் குரல் மட்டும் கேட்டது. கீழேயிருந்து "காத்து" என்று குரல் வந்ததும் பேச்சை நிறுத்தி, சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

திரும்பி வந்தபோது வாசல் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. காவலுக்கு வந்தவர் நாற்காலியில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு, குறட்டைவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார், அப்படி ஒரு தூக்கம். பை மடியிலிருந்து நழுவித் தரையில் கிடந்தது. தலைக்கு மேலே எங்கள் வீட்டு ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

இவர் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார். பிறகு ஸ்விட்சைப் பார்த்தார். இவர் குனிந்து அந்தத் துணிப்பையை எடுத்து நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, இன்னொரு நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு வந்து அக்காவுக்குப் பக்கத்தில் போட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் இவருடைய தலையும் ஆட ஆரம்பித்தது.

நான் பின்னறைக்குப் போனேன். இன்னும் பிரிக்காத என் பை கட்டிலில் கிடந்தது. அதைக் காலால் கீழே தள்ளினேன், தொப்பென்று விழுந்தது. கட்டில் கிறீச்சிட்டது. யாருக்கும் எதையும் அறிவிக்காமல் படுத்துத் தூங்கினேன்.